மழைக்குக் கட்டிய வீடு: ரியூனியனில் ஒரு கிரியோல் வீட்டைப் பழுதுபார்த்த எட்டு மாதம்

மத்தாந்த் வீட்டு வராந்தாவில் கால் வைத்ததும் பலகை உடைந்து முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. சிராய்ப்போடு காலை வெளியே இழுத்துக்கொண்டிருக்கையில் அவர் உள்ளேயிருந்து, "அந்த இடத்துல மிதிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே" என்றார். எனக்குத் தெரியாது. 2024 மே மாதம். வேலை தொடங்கியது அந்த ஓட்டையில்தான்.

மத்தாந்த் என் மனைவியின் பாட்டிக்குத் தங்கை. இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில் பேசுகிற கிரியோல் மொழியில் சித்தி, பெரியம்மா, அத்தை எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். மல்பார் குடும்பம், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர்களின் வழி. தமிழ் பேச வராது. ஆனால் கறிவேப்பிலையைக் 'கலுப்பிலே' என்பார், முருங்கைக்கீரையை 'பிரேத் முருங்' என்பார். நான் புதுச்சேரிக்காரன், அப்பா கொத்தனார். பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். கரணை பிடிக்கத் தெரியும், உளி பிடிக்கத் தெரியாது என்ற நிலையில் இந்த வேலையில் இறங்கினேன்.

வீடு சாந்த்ஆந்த்ரேயில், சலாசி பள்ளத்தாக்குக்குப் போகிற பக்கம். தீவின் கிழக்குப் பகுதி. கடலிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி மழையைக் கொட்டுகிற பக்கம். 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம், முன்னால் 2 மீட்டர் சொச்சம் வராங். வராங் என்றால் வராந்தா. புழக்கத்தில் பார்த்தால் திண்ணை என்பதே சரி. வந்தவரை உட்காரவைத்துக் காப்பி கொடுப்பது அங்கே. உள்ளே அழைப்பதா வேண்டாமா என்பது அப்புறம்.

கிரியோல் வீட்டுக்கு முகம் என்று ஒன்று உண்டு. அது தெருவைப் பார்த்திருக்கும். பவுடர் எல்லாம் அதற்கு மட்டும்தான். தெருவில் 'பாரோ' என்கிற வெளிக்கதவு. அங்கிருந்து வாசலுக்கு நேராக ஒரு நடை, இரண்டு பக்கமும் குரோட்டன்ஸும் செம்பருத்தியும். நடுவில் கதவு, இடமும் வலமும் ஒரே அளவில் ஜன்னல்கள், சுவரில் பலகையால் இழைத்த வைர வடிவங்கள். இறவாணத்து ஓரம் முழுக்கத் தகரத்தில் சரிகை மாதிரி வெட்டித் தொங்கவிட்ட 'லாம்பிரெக்கேன்'. மதில் மூலையில் 'கெத்தலி': நாலு தூண், ஒரு கூரை, தெருவைவிட உயரமாக ஒரு சின்ன மண்டபம். பிரெஞ்சில் 'கெத்தே' என்றால் காத்திருந்து நோட்டம் விடுவது. வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்காமல் தெருவைப் பார்க்க வைத்த இடம் என்பார்கள். எல்பூர் ஊரில் ஃபோலியோ வீட்டுத் தோட்டத்தில் அழகான ஒன்று நிற்கிறது. எங்களுடையது அதில் பாதிகூட இருக்காது, அதிலும் ஒரு தூணைக் காணோம்.

பின்பக்கம் சுற்றிப் போனால் அலங்காரம் எதுவும் இல்லை, எல்லாம் வேலை. சமையலறை தனிக் கொட்டகை. அதற்கு அடுத்து 'கோதோன்', அதாவது சாமான் அறை; இங்கிலீஷ்காரர் கோடவுன் என்றதும், இவர்கள் கோதோன் என்பதும் மலாய் வழியாகச் சுற்றி வந்த நம் கிடங்குதான். கொஞ்சம் தள்ளிக் கழிப்பறை, கோழிக்கூண்டு. கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நாகூர் மீராவுக்கு ஒரு கொடிமரம். 'நர்குலான்' என்கிறார்கள். நாகூர் ஆண்டவருக்கு இங்கே இந்துக்கள் வீட்டு முற்றத்தில் கொடியேற்றுகிறார்கள் என்பது இந்தத் தீவுக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். நாகூரை நேரில் பார்த்த பிறகு யோசித்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வேலைக்கு ஆள் தேடியபோது மத்தாந்த் ஒருவரைத்தான் சொன்னார். தெருமுனையில் இருக்கிற 74 வயது தச்சர். ஊரே அவரைத் 'தொந்தோன்' என்று கூப்பிடுகிறது, மாமா என்ற பொருளில். நானும் அப்படியே. அவர் என்னை 'மர்மாய்' என்பார். குழந்தை, பொடியன். எனக்கு 43 வயது.

தொந்தோன் வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை. கையில் ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். பத்து அடிக்கு ஒரு முறை குனிந்து, அடிக்கட்டையில் ஆணியைக் குத்துவார். குத்தின இடமெல்லாம் 'டொக்' என்று நின்றது. தென்கிழக்கு மூலைக்கு வந்தார். ஆணி தலை வரைக்கும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. விரலால் ஒரு பத்தை உடைத்து எடுத்துக் காட்டினார். உள்ளே மண்ணும் கூடும். "கரியா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கறையான் கடல் தாண்டி வந்தும் பெயரை விடவில்லை.

ஆனால் தொந்தோன் கறையானைத் திட்டவில்லை, சிமென்ட்டைத் திட்டினார். இந்த மாதிரி வீடு தரையில் உட்காராது. முதலில் கருங்கல் அடித்தளம், எரிமலைக் கல்தான், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அதன்மேல் சுற்றிலும் அடிக்கட்டை. அதில் துளை போட்டு, தூண்களுக்கு நாக்கு வெட்டி இறக்கி, மர ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். தரைப்பலகைக்குக் கீழே காற்று ஓடும். எங்கள் வீட்டிலோ சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு, 'எலி வராமல் இருக்க' கல்லுக்கு மேலே அடிக்கட்டை மறையும்படி சிமென்ட் பூசிவைத்திருந்தார்கள். காற்று வந்த சந்துகளையும் அடைத்தாயிற்று. கல்லில் ஏறுகிற ஈரம் முன்பெல்லாம் சுண்ணாம்பு வழியே வெளியேறிவிடும். சிமென்ட் அதை விடாது. அது மரத்துக்குள் போனது. ஈர மரம் கறையானுக்குக் கல்யாண விருந்து.

அன்று ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எவன்டா சிமென்ட்டு பூசுனது?"

"யாரோ ஒரு மேஸ்திரிப்பா. பழைய ஆளு."

"பழைய ஆளா இருந்தா பூசியிருக்க மாட்டான். முழுசா கொத்தி எடு. சுண்ணாம்புதான். மரம் மூச்சு வுடணும்."

ஜூன் முழுக்கக் கொத்தினேன். சொல்ல வேறு ஒன்றுமில்லை. உளி, சுத்தி, முதுகுவலி.

அடிக்கட்டையை மாற்றுவதுதான் பயமான வேலை. வீட்டைத் தூக்க வேண்டும். நாலு லாரி ஜாக்கி வாங்கி, தூண்களுக்குப் பக்கத்தில் தாங்குகட்டை கொடுத்து, ஒவ்வொரு ஜாக்கியாக ஒரு சுற்று, பிறகு அடுத்தது. ஒரு நேரத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது தொந்தோன் விதி. அவர் ரசமட்டத்தைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். சாப்பாட்டு அறைக் கதவு பல வருஷமாகத் தரையில் உரசிக்கொண்டு அரை வட்டமாகக் கோடு போட்டிருந்தது. மூன்றாவது நாள் சாயங்காலம் அந்தக் கதவு தானாகத் திறந்து ஆடியது. "போதும், நிறுத்து" என்றார். மொத்தம் 31 மில்லிமீட்டர். அழுகின 2.4 மீட்டரை அறுத்து எடுத்துவிட்டு, இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து வந்த உத்திரத்தைச் சாய்வு வெட்டில் ஒட்டி இறக்கினோம். புது மரக்கட்டை வாங்கலாம் என்று தலைநகர் சேன் தெனியில் ஒரு மரக்கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தது தனிக்கதை.

சுண்ணாம்பு விஷயத்தில் முதல் முறையாக நான் தொந்தோனுக்கு ஏதோ சொல்லிக்கொடுக்க முடிந்தது. ஒரு காலத்தில் இந்தத் தீவின் மேற்குக் கரையில் பவழப்பாறையை வெட்டியெடுத்து, சூளை வைத்துச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்; சேன் லே பக்கம் அந்தச் சூளைகளை இன்றும் பார்க்கலாம். இப்போது பவழத்தைத் தொட முடியாது, 2007 முதல் அந்தக் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. பிரான்ஸிலிருந்து மூட்டையில் வருகிற சுண்ணாம்புதான். அப்பா சொன்ன கணக்கு: ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல்தூள், இரண்டு பங்கு மணல். இங்கே ஆற்றுமணல் கறுப்பு. கலவையைப் பார்த்தால் கேப்பங்கூழ் மாதிரி இருந்தது.

கோதோனுக்குப் பின்னால் ஒரு மேடை உண்டு, சுமார் 4 மீட்டர் சதுரம், முழங்கால் உயரம். அதன்மேல் மத்தாந்த் மிளகாய் காயவைப்பார். நான் அதைச் சாதாரணத் தளம் என்று நினைத்திருந்தேன். வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தபோது செங்கல் ஜல்லி, சிவப்புத் தூள், உள்ளே வெள்ளை. இதற்கு இங்கே 'அர்கமாஸ்' என்று பெயர். காப்பிக்கொட்டை காயவைக்கிற களமாகவும் மொட்டைமாடித் தளமாகவும் போட்டார்கள். அப்பாவிடம் காட்டியதும், "இது நம்ம மெட்ராஸ் டெரஸ் ஜல்லிடா" என்றார் ஒரே வரியில்.

அவர் சொன்னது தற்செயல் இல்லை. லா பூர்தொன்னே 1735 முதல் 1746 வரை இந்தத் தீவுக்கும் பக்கத்து மொரீஷியஸுக்கும் பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோது புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். அந்தப் போக்குவரத்து ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு நூறு வருஷம் முந்தையது. சேன் ழீல் மேட்டில் இன்று வில்லேல் அருங்காட்சியகமாக இருக்கிற, தோட்ட முதலாளி தேபாசேன் சீமாட்டியின் மாளிகை 1780-களின் கடைசியில் கட்டியது. தட்டைக் கூரை, அர்கமாஸ் தளம், தூண் வைத்த வராங். புதுச்சேரி வெள்ளைநகரத்தில் நடந்தவன் அதன்முன் நின்றால் தெருப்பெயர் மட்டும் மாறிவிட்டது என்று நினைப்பான். அதே மாளிகையைச் சுற்றித்தான் நூற்றுக்கணக்கான அடிமைகள் வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் இருந்த குடிசைகளில் ஒன்றுகூட அந்தப் பங்களா மாதிரி மிஞ்சவில்லை.

மேடையின் வெடிப்புகளைக் கழுவி, அதே கலவையை இறுக்கமாக இடித்துத் திணித்து, கடைசிப் பூச்சில் கொஞ்சம் வெல்லத் தண்ணீர் சேர்த்தேன். கடுக்காய் கிடைக்கவில்லை. நனைத்த சாக்கைப் போட்டுப் பத்து நாள் மூடிவைத்தேன். மத்தாந்த் எட்டாம் நாளே சாக்கை எடுத்துவிட்டு மிளகாயைக் கொட்டிவிட்டார்.

ஆகஸ்டில் பார்தோ வேலை. மரத்தைச் சின்னச் சின்ன ஓடாகப் பிளந்து, மீன் செதில் மாதிரி அடுக்கி ஆணியடிப்பது. கூரைக்கும் போடுவார்கள், மழை அடிக்கிற சுவருக்கும் போடுவார்கள். எங்கள் வீட்டில் தென்கிழக்குச் சுவருக்கு மட்டும் உண்டு. மற்ற மூன்று பக்கமும் வெறும் பலகை. இதைக் கவனிக்க எனக்கு மூன்று மாதமானது: வீட்டைப் பார்த்தாலே காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

இதற்கு நல்ல மரம் 'தமரேன் தே ஓ', உயரத்துப் புளி என்று பொருள். புளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இளங்கன்றின் இலை புளிய இலை மாதிரி இருப்பதால் வந்த பெயர். நம் வேல மரத்துக்குத்தான் பங்காளி. மலையில் 1200 மீட்டருக்கு மேல் வளர்கிறது, காற்றில் சாய்ந்து திருகிக்கொண்டு. வனத்துறை வழியாகத்தான் மரம் வரும், விலையும் அதிகம். விலை குறைவாக வேண்டுமென்றால் கிரிப்டோமேரியா, ஜப்பான் மரம், இங்கே நட்டு வளர்த்தது. சுவருக்குத் தமரேன், சமையல் கொட்டகைக்குக் கிரிப்டோமேரியா என்று தொந்தோன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கணக்கு இது. சுவர் 18 சதுர மீட்டர். ஒரு பார்தோ 38 சென்டிமீட்டர் நீளம், 9 அகலம். அதில் 12 சென்டிமீட்டர்தான் வெளியே தெரியும், மீதி அடுத்த வரிசைக்குக் கீழே. ஆக எந்த இடத்தில் ஊசி குத்தினாலும் மூன்று அடுக்கு. சதுர மீட்டருக்குத் தொண்ணூற்றுச் சொச்சம். மொத்தம் சுமார் 1,700. பழையதில் 500 தேறியது. 1,200 பிளக்க வேண்டும்.

அறுக்கக் கூடாதா என்று கேட்டேன், ஒரு நாளில் முடிந்துவிடுமே. தொந்தோன் பதில் சொல்லாமல் அறுத்த துண்டு ஒன்றையும் பிளந்த துண்டு ஒன்றையும் எடுத்து, இரண்டின் மேலும் காப்பியில் மிச்சமிருந்ததைச் சொட்டவிட்டார். பிளந்ததில் காப்பி நார் ஓடிய வழியே கோடாக இறங்கிக் கீழே சொட்டியது. அறுத்ததில் அங்கங்கே நின்று ஊறியது. ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட ஒவ்வொரு நாரும் ஒரு திறந்த வாய். பிளக்கும்போது மரம் தன் வழியில் பிரியும்.

பிளக்கிற கருவி நீளக் கத்தி மாதிரி ஒரு இரும்பு, ஒரு முனையில் செங்குத்தாகக் கைப்பிடி. கட்டையின் தலையில் வைத்துக் கொட்டாப்புளியால் ஒரு போடு, பிறகு கைப்பிடியை நெம்பினால் 'ப்ர்ர்' என்று ஒரு சத்தம், ஓடு தனியாக வந்துவிடும். அதாவது தொந்தோன் செய்தால். நான் செய்தால் பாதி வழியில் கத்தி மெலிந்த பக்கம் ஓடிவிடும், ஒரு முனை தடியாகவும் மறுமுனை அப்பளமாகவும் வரும். 'மரம் எந்தப் பக்கம் ஓடுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் அழுத்து' என்று அவர் சொன்னது கைக்கு ஏற ஒரு வாரம். ஒரு நாளில் அவர் 300 பிளப்பார். என் உச்சபட்சம் 80.

அடிக்கும்போது பெரிய தப்பு ஒன்று செய்தேன். முதல் நாள் மூன்று வரிசை, ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல், பெட்டி மாதிரி நெருக்கமாக. பார்க்க அவ்வளவு நேர்த்தி. படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். ராத்திரி மழை. காலையில் போய்ப் பார்த்தால் சுவர் கர்ப்பிணி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மரம் ஊறிப் பருத்து, போக இடமில்லாமல் வெளியே வந்துவிட்டது. அத்தனையையும் பிடுங்கினோம். பக்கத்துக்குப் பக்கம் 3 மில்லிமீட்டர் விட வேண்டும். நான் ஒரு தட்டை ஆணியையே அளவாக இடையில் வைத்துக்கொண்டேன். ஒரு ஓட்டுக்கு இரண்டு ஆணி, அதுவும் மேல் வரிசை மூடும் இடத்தில். மேல் வரிசையின் சந்து கீழ் வரிசைச் சந்துக்கு நேராக வரக் கூடாது, 3 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஆணி ஸ்டெயின்லெஸ். சாதா ஆணி அடித்தால் இந்த மரத்துத் துவர்ப்பு இரும்பைத் தின்று, கறுப்பாக ஒழுகவிடும். பழைய சுவரில் ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் மை வழிந்த மாதிரி கோடு இருந்தது.

புது ஓடு செம்பழுப்பு. ஆறு மாதத்தில் சாம்பலாகிவிடும். வார்னிஷ் அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம்.

லாம்பிரெக்கேனைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் சுத்தமாகத் தப்பு. அலங்காரம் என்றுதான் நினைத்தேன். பணம் மிஞ்சினால் கடைசியில் பார்க்கலாம் என்று பட்டியலில் அடியில் போட்டிருந்தேன். அதைப் பார்த்த தொந்தோன் ஏணியில் ஏறி, "சொம்புல தண்ணி கொண்டா" என்றார். லாம்பிரெக்கேன் விழுந்துபோன இடத்தில் கூரைத் தகரத்தின்மேல் ஊற்றினார். தண்ணீர் தகர ஓரத்துக்கு வந்தது, கீழே விழவில்லை. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் திரும்பி, இறவாணப் பலகையின் அடியில் ஓடி, சுவரில் இறங்கியது. பிறகு பழைய லாம்பிரெக்கேன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஊற்றினார். தண்ணீர் அந்தச் சரிகை வழியே இறங்கி, ஒவ்வொரு கூர் முனையிலும் சேர்ந்து, சொட்டுச் சொட்டாகச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வரிசையாக விழுந்தது. கீழே மண்ணில் பார்த்தால் அந்த வரிசைக்கு நேராகப் பல வருஷத்துக் குழிகள்.

கூர் முனைகள் கீழ்நோக்கித்தான் இருக்கும், எந்த வீட்டில் எந்தப் பூவேலை போட்டாலும். அதற்குப் பிறகு சாந்த்ஆந்த்ரே தெருக்களில் நடக்கும்போது என் கண் அங்கேயே போகிறது. வல்லியாமே என்ற குடும்பப் பெயரைச் சுமக்கிற அந்தப் பெரிய மர மாளிகைக்கு முன்னால் நின்று கால் மணி நேரம் இறவாணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி காரில் ஏறி ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

பழையது ஒன்றைக் கழற்றி, காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு, அட்டையில் அச்சு வெட்டினேன். ஒரு பூவுக்கு 22 சென்டிமீட்டர். முன்பக்கமும் இரண்டு திரும்பல்களும் சேர்த்து 11 மீட்டர், ஆக 50 பூ. தகரக் கத்தரியால் வெளிவரி, உள் ஓட்டைகளுக்குக் கட்டையின் வெட்டுமுகத்தில் தகரத்தை வைத்து உளியால் அடிப்பது. முதல் பத்துப் பூவுக்கு ரத்தம் கொடுத்தேன். தையல் போடவில்லை, பக்கத்தில் வந்தது. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். தகரம் வாங்கும்போது, கத்தரிக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மெலிந்ததாக வாங்கினேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே அதிகம் செய்யவில்லை. முன்கதவுக்கு நேராகப் பின்கதவு. அறைத் தடுப்புகளின் மேலே கூரைக்கு அடியில் மரச்சல்லடை. ஜன்னலுக்குச் சாய்பலகைக் கதவு. எல்லாம் காற்றுக்கு. யாரோ பிளாஸ்டிக் போர்டால் பொய்க்கூரை அடித்து இந்தச் சல்லடைகளை மூடியிருந்தார்கள். பிரித்தோம். வீடு ஒரே நாளில் குளிர்ந்தது.

சமையல் கொட்டகைதான் மத்தாந்த்தின் ராஜ்ஜியம். வீட்டுக்குள் கேஸ் அடுப்பு இருக்கிறது, அதில் பால் மட்டும் காய்ச்சுவார். கறி, சோறு எல்லாம் கொட்டகையில் விறகில். நெருப்புப் பிடித்தால் பெரிய வீடு தப்பட்டும் என்றுதான் தள்ளிக் கட்டினார்கள். புகை, பூச்சி, சூடு எல்லாவற்றுக்கும் அதே பதில். மண்தரை, மூன்று கல், தகரக்கூரை. அடுப்புக்கு மேலே 'ஃபர்ஃபார்', நம் பரண், மூங்கிலில். அதில் மக்காச்சோளம், பூண்டு, புகைபோடத் தொங்கவிட்ட பன்றி இறைச்சி. கூரைச் சட்டமெல்லாம் கீல் பூசின மாதிரி கறுப்பு. கறையான் இந்தக் கொட்டகையின் கூரைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தொந்தோன் அதன் சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உன்னைவிட ரொம்ப நாள் இருக்கும்" என்றார்.

அங்கே நான் செய்த ஒரே 'முன்னேற்றம்' இது: சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது, சாரல் அடிக்கிறதே என்று பலகை வைத்து அடைத்தேன். மறுநாள் மதியம் மத்தாந்த் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"என்ன கொல்லப் பாக்கிறியா மர்மாய்?"

"சாரல் அடிக்குதே மத்தாந்த்..."

"அறுபது வருஷமா அடிக்குது. புகை எங்க போகும்? உன் ஆபீசுக்கா?"

பலகையைப் பிடுங்கினேன். புகைபோக்கி இல்லாத அடுப்புக்கு அந்த இடைவெளிதான் புகைபோக்கி. கூரைக்கு மட்டும் புதுத் தகரம் போட்டு, சுற்றிலும் சாதா ஆணி அடித்தேன். சும்மா கொட்டகைதானே என்ற எண்ணம்.

கூரை என்றதும் இன்னொன்று. தகரம் வருவதற்கு முன் ஏழை வீடுகளுக்கு வைக்கோல் கூரை. தெற்குப் பக்கம் மலையில் அதற்கு வெட்டிவேர்ப் புல்லைப் போட்டார்கள். இங்கேயும் அதன் பெயர் 'வெத்திவேர்'தான். அப்பாவிடம் சொன்னேன். "கூரையையே வெட்டிவேர்ல போட்டானுங்களா? பணக்காரனுங்கதான்" என்றார்.

டிசம்பர் கடைசியில் வராங் பலகை முடிந்தது. முன்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, தண்ணீர் நிற்காதபடி. மத்தாந்த் நாற்காலியைப் பழைய ஓட்டை இருந்த அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

2025 பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை காலை காரான்ஸ் புயல் தீவின் வடக்குக் கரையில் ஏறியது. காற்று 200 கிலோமீட்டரைத் தாண்டியது. வயலட் எச்சரிக்கை; யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. முந்தின சாயங்காலமே மத்தாந்த்தைச் சேன் தெனியில் எங்கள் கான்கிரீட் பிளாட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். கிளம்புமுன் அவரே ஒவ்வொரு ஜன்னலாக மரக்கதவை மூடி, உள்ளிருந்து இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டுச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ரேடியோவைக் காதோடு வைத்திருந்தார். மின்சாரம் போனது, பிறகு போனும் போனது.

மூன்றாம் நாள்தான் சாலை கிடைத்தது. வழியெல்லாம் மரம், கம்பி, யாருடையவோ கூரை. பாரோ ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. கொடிமரம் முறிந்திருந்தது. வீடு நின்றது.

தென்கிழக்குச் சுவரில் 37 பார்தோ காணோம். எண்ணிப் பார்த்ததில் அத்தனையும் ஒரே இடத்தில், நான் பிளக்கக் கற்றுக்கொண்ட வாரத்தில் செய்த அப்பள முனைகள். தொந்தோன் அடித்ததில் ஒன்றுகூட அசையவில்லை. இதை அவர் இரண்டு முறை சொன்னார், நானும் இரண்டு முறை தலையாட்டினேன். மெலிந்த தகரத்தில் வெட்டிய லாம்பிரெக்கேன் முன்பக்கம் முழுக்க மேல்நோக்கிச் சுருண்டு, முறுக்குப் பிழிந்த மாதிரி இருந்தது. பழைய காலத்துத் தடித் தகரத் துண்டு, ஒரு மூலையில் மிச்சம் விட்டிருந்தது, ஆணி அசையாமல் தொங்கியது. அடிக்கட்டை நகரவில்லை, சாப்பாட்டு அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன், ஆடியது.

சமையல் கொட்டகைக்குச் சட்டம் இருந்தது, கூரை இல்லை. சாதா ஆணிகள் வரிசையாகச் சட்டத்தில் நின்றன, தலைக்கு மேலே ஒன்றுமில்லாமல். ஃபர்ஃபாரில் பூண்டு நனைந்திருந்தது. ஒரு தகரம் கரும்பு வயலில் கிடைத்தது. இன்னொன்று பக்கத்து வீட்டு லிச்சி மரத்தின் உச்சியில், ஒரு கிளையைச் சுற்றி மடிந்துபோய்.

இரண்டையும் இறக்கி, தரையில் போட்டு மிதித்து நிமிர்த்தினோம். இந்த முறை சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கிற கொக்கி போல்ட்டு, ஒவ்வொரு ரீப்பருக்கும். லிச்சிக் கிளை குத்திய ஓட்டை ஒன்று இருக்கிறது, அடைக்கத் தார் வாங்கி வைத்திருக்கிறேன். அதுவரை அதற்கு நேர் கீழே மத்தாந்த் ஒரு பழைய அலுமினியச் சட்டி வைத்திருக்கிறார். தடித் தகரம் வந்துவிட்டது, 50 பூவையும் மறுபடி வெட்ட வேண்டும். கெத்தலிக்கு நாலாவது தூண் கோதோனில் சாய்த்துக் கிடக்கிறது. மழை விடட்டும், மே மாதம் பார்க்கலாம்.